கச்சான் காலத்துக்கு ஏற்ற வெள்ளியிலைச் செடிகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆனி மாதம் பிறந்து கச்சான் எனப்படும் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் ஊவா மலைச்சரிவுகளில் உள்ள தோட்டக் குடியிருப்புகளில் பீலித் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு குடம் நிறைவதற்குக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டிய நிலை வருவதை இங்கு வாழும் எவரும் அறிவர். அந்த வரிசையில் நிற்கும்போதே, பூமரத்துக்கு ஊற்றுகிற தண்ணீர் யார் வீட்டுத் தண்ணீர் என்ற பேச்சு எழுந்து அயல்வீட்டாரிடையே மனக்கசப்பு உண்டாவதையும் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். இதற்கு அஞ்சி முற்றத்தை வெறுந்தரையாக விட்டுவிடுவோரும் உண்டு. அது தீர்வாகாது என்பது என் எண்ணம். நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்குத் தன் வாசலில் தன் கையால் நட்ட நான்கு செடிகள் நிற்பதைப் பார்ப்பதில் உள்ள நிறைவை, தண்ணீர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவள் இழக்கத் தேவையில்லை. குறைந்த தண்ணீரில் வாழக்கூடிய செடிகள் உள்ளன. அவற்றுள் வெள்ளி நிற இலை கொண்ட செடிகளைப் பற்றி, அனுபவத்தில் அறிந்தவற்றை வாசகர்களுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பண்டாரவளைக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் வீட்டு முற்றம் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடும் கழிவறையும் போக எஞ்சிய சரிவு நிலம்; தோட்டத்து மக்களின் புதிய வீடுகள் பலவற்றுக்கும் கிடைத்திருப்பது அதே அளவு காணிதான். முன்பு அதில் ரோசா, டேலியா, பெட்டூனியா, ஹைட்ரேன்ஜியா ஆகியவற்றை வைத்திருந்தேன். கச்சான் காலத்தில் அவற்றைக் காப்பாற்ற நாள்தோறும் மூன்று வாளி தண்ணீர் தேவைப்பட்டது. தன் பெயரிலேயே நீர்க்கலம் என்ற பொருளை வைத்திருக்கும் ஹைட்ரேன்ஜியாவோ, காலையில் ஊற்றினாலும் பிற்பகலில் துவண்டு தலை கவிழ்ந்து நிற்கும். இன்று அதே முற்றத்தில் நிற்கும் வெள்ளியிலைச் செடிகளுக்குப் பத்து நாளைக்கு ஒரு வாளி போதுமானதாக இருக்கிறது. அந்தத் தண்ணீரும் அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்ததுதான்.

நமது பகுதியின் காலநிலையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்தச் செடிகளைப் பற்றிப் பேச முடியாது. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி வட்டவளை, கினிகத்தேனை, அட்டன் பகுதிகளில் தன் ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வெப்பமும் வறட்சியும் கொண்ட காற்றாக மாறிவிடுகிறது. புவியியல் பாடத்தில் போன் (Föhn) காற்று என்று படிப்பதும், நம் ஊரில் கச்சான் என்று சொல்வதும் இதையே. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பதும் இந்தக் காற்றுதான் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே காற்று வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளையின் கிழக்குப் பக்கம் ஆகிய இடங்களில் இலைகளிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. பிறகு ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்து பெய்கின்றன. ஆக, ஒரே செடி மூன்று நான்கு மாதம் வறட்சியையும் அதன்பின் மூன்று மாதம் ஈரத்தையும் தாங்க வேண்டும். வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்களில் படித்ததை அப்படியே இங்கு செய்தால் தவறிப்போவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

இலை வெள்ளியாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் மேல் அடர்ந்திருக்கும் நுண்மயிர்கள். டஸ்டி மில்லர் என்ற பெயரில் நாற்றுமேடைகளில் விற்கப்படும் செடியின் இலை ஒன்றைக் கிள்ளி, அதன் பாதியை மட்டும் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். நனைந்த பாதி சிறிது நேரத்தில் சாதாரணப் பச்சை இலையாகிவிடும். நனையாத பாதி வெள்ளியாகவே இருக்கும். வெயிலில் வைத்தால் பச்சை மறைந்து வெள்ளி திரும்பி வரும். வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது, பிள்ளைகள் சாயம் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். உண்மையில் சாயம் என்று அங்கு எதுவும் இல்லை. மயிர்களுக்குள்ளும் அவற்றின் இடையிலும் இருக்கும் காற்று ஒளியைச் சிதறச் செய்வதால் வெண்மை தோன்றுகிறது. இடைவெளியில் தண்ணீர் நிறைந்ததும் ஒளி சிதறுவது குறைந்து, கீழே உள்ள பச்சையம் தெரிகிறது. பஞ்சு நனைந்தால் நிறம் மங்குவதும் இப்படித்தான்.

இந்த மயிர்ப்போர்வை செடிக்கு இரண்டு வகையில் உதவுகிறது. வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் இலை அதிகம் சூடேறுவதில்லை. சூடு குறைந்தால் ஆவியுயிர்ப்பும், அதாவது இலை வழியே நீர் ஆவியாகிப் போவதும், குறைகிறது. அத்துடன், காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் மயிர்களின் இடையில் அசையாத ஒரு மெல்லிய காற்றுப் படலம் நின்றுவிடுவதால், இலையின் நுண்துளைகளான இலைவாய்களிலிருந்து வெளிவரும் நீராவி உடனே அடித்துச் செல்லப்படுவதில்லை. கச்சான் காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு முற்றத்துக்கு இந்த இரண்டாவது பயனே பெரிது என்று நான் கருதுகிறேன். ஆனால் இதற்குச் செடி ஒரு விலையும் கொடுக்கிறது. ஒளியைத் திருப்பி அனுப்பும்போது ஒளித்தொகுப்புக்கு வேண்டிய ஒளியும் குறைந்துவிடுவதால் இச்செடிகள் மெதுவாகவே வளரும், நிழலில் வைத்தால் நலிந்துவிடும். வெள்ளியிலைச் செடியை வராந்தாவுக்குள் அழகுக்காக வைத்துவிட்டு, அது வெளிறிப் பச்சையாகி நீண்டு வளைகிறதே என்று வருந்துவோர் அதை வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லா வெள்ளியும் மயிரால் வருவதில்லை. எச்செவேரியா போன்ற சதைப்பற்றுள்ள செடிகளிலும், இளம் யூக்கலிப்டஸ் கன்றின் நீலம் கலந்த வெள்ளி இலைகளிலும் இருப்பது மெழுகுத் தூள். விரலால் தேய்த்தால் அது கையோடு வந்துவிடும். முதிர்ந்த இலையில் தேய்த்த இடம் அப்படியே நின்றுவிடும். ஆகையால் அவற்றை அடிக்கடி தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தேயிலை மலைகளில் நிழலுக்காக நட்டிருக்கும் கிரவிலியாவை, நாம் சவுக்கு என்றும் சிங்கள மக்கள் சபுக்கு என்றும் சொல்லும் அந்த மரத்தை, கச்சான் அடிக்கும்போது ஒருமுறை நின்று பாருங்கள். காற்றில் இலைகள் புரளும்போது மரம் முழுவதும் வெள்ளியாக மின்னும். அதன் இலையின் அடிப்புறம் முழுவதும் பட்டுப் போன்ற மயிர். கிழக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தின் கீழே நின்று தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்திருக்கிறோம். வெள்ளியிலை நமக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

இன்னொரு வகை வெள்ளியும் உண்டு. அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அலுமினியம் செடி என்று விற்கப்படும் பைலியாவிலும் சில பெகோனியாக்களிலும் இலையின் மேல்தோலுக்கு அடியில் உள்ள காற்று இடைவெளிகளால் வெள்ளித் திட்டுகள் தோன்றுகின்றன. அவை மழைக்காட்டின் நிழலிலும் ஈரத்திலும் வாழப் பழகிய செடிகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுமேடையில், தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி எனக்கு ஆறு பைலியாக் கன்றுகளைக் கொடுத்தார்கள். ஆடி மாத வெயிலில் அவை நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. வாங்கும்போது இலையைத் தடவிப் பார்ப்பதே எளிய சோதனை: பஞ்சு போலவோ கம்பளி போலவோ இருந்தால் வெயிலுக்கு உரியது, வழுவழுப்பான மெல்லிய இலையில் வெள்ளிக் கோடு மட்டும் இருந்தால் அது நிழலுக்கு உரியது.

என் முற்றத்தில் நிலைத்தவற்றைச் சொல்கிறேன். டஸ்டி மில்லர் மத்தியதரைக் கடலோரத்துச் செடி. மிக இலகுவாக வருகிறது. கசானியா தென்னாபிரிக்காவைச் சேர்ந்தது. இலையின் அடிப்புறம் வெள்ளை, வெயில் இருக்கும்போது மட்டும் விரியும் பூ, சரிவில் மண்ணை நன்றாகப் பற்றிக்கொள்ளும். லவெண்டர் மணத்துக்காக வைத்தது. ஆட்டுக்குட்டியின் காதைப் போல இலை தடித்து மென்மையாக இருக்கும் ஸ்டாக்கிஸ் செடியை என் பேரப்பிள்ளைகள் தடவிக்கொண்டே இருப்பார்கள். துருக்கி, ஈரான் பக்கத்து வறண்ட மலைகளிலிருந்து வந்த அது, மழைக்காலத்தில் எல்லாவற்றையும்விட முதலில் அழுகுவது. சதைப்பற்றுச் செடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய தகரப் பேணிகளில் அவற்றை வளர்க்காத வீடே இங்கு இல்லை.

நாட்டுச் செடிகளை நாம் மறந்துவிட்டது எனக்கு உண்மையில் வருத்தமளிக்கிறது. தேங்காய்ப்பூக்கீரை என்று நாம் சொல்லும் சிறுபீளை, சிங்களத்தில் பொல்பலா, பாதையோரத்தில் தானாக முளைத்துச் சாம்பல் நிற இலையும் தண்டு நெடுக வெண்பஞ்சுப் பூவுமாக நிற்கிறது. அவித்துக் குடிப்பதற்காக அதைப் பிடுங்கி வருகிறோமே தவிர, வரப்போரமாக வரிசையாக நட்டால் அது எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைப்பதில்லை. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டு மாவட்டங்களில் பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிற பூளைப்பூ இதுதான். மாசிப்பத்திரியும் அப்படியே. அதன் இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளை. கசக்கினால் வரும் மணத்துக்காகவே கோயில் மாலைகளில் அதைச் சேர்க்கிறார்கள். அது நிலத்துக்கடியில் ஓடிப் பரவக்கூடியது என்பதால் ஒரு பழைய வாளியின் அடியை வெட்டிவிட்டு மண்ணில் புதைத்து அதற்குள் நடுவது நல்லது. கோயில் வளவுகளில் இவ்விரண்டையும் வைத்தால் பூசைக்கும் உதவும், தண்ணீரும் மிஞ்சும்.

வளர்க்கும் முறையில் தேயிலைப் பழக்கத்தை நாம் சற்று விட்டுவிட வேண்டியிருக்கிறது. இதை நான் ஓர் இழப்பின் மூலமே கற்றேன். கவ்வாத்து வெட்டுவதில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிப்பதில், தன் தோட்டத்திலேயே பெயர் பெற்றவர் என் மூத்த அண்ணன். மூன்று ஆண்டு வளர்ந்து கட்டை கட்டியிருந்த என் லவெண்டர் செடிகளைப் பார்த்து, தங்கச்சி, இப்படியே விட்டால் பயன் இல்லை என்று சொல்லி, தேயிலைக்கு வெட்டுவது போலவே அடிக்கட்டை தெரிய ஒரே சீராக வெட்டிக்கொடுத்தார். வெட்டு மிக அழகாக இருந்தது. ஆனால் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. தேயிலை தன் வேரில் மாப்பொருளைச் சேமித்து வைத்துப் பழைய கட்டையிலிருந்தும் தளிர்விடும். லவெண்டரும் அதைப் போன்ற சில மத்தியதரைச் செடிகளும் இலை இல்லாத பழைய தண்டிலிருந்து பெரும்பாலும் தளிர்ப்பதில்லை. பூத்து முடிந்ததும் பச்சை இலை இருக்கும் பகுதிக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கை மட்டும் கத்தரித்துவிட வேண்டும். அண்ணன் அதன்பின் தானே தண்டு வைத்துப் பதியமாக்கி, எனக்கு எட்டுக் கன்றுகள் தந்தார். அந்த எட்டும் இன்றும் நிற்கின்றன.

தண்டு வைப்பதிலும் அதே வேறுபாடு இருக்கிறது. தேயிலைத் தண்டை பொலித்தீன் கூடாரத்துக்குள் ஈரம் வெளியேறாமல் மூடிவைப்போம். மயிர் அடர்ந்த இலையுள்ள தண்டுகளை அப்படி மூடினால் மயிர்களில் நீர் தங்கிச் சில நாள்களில் கறுத்து அழுகிவிடும். மணலும் மண்ணும் சரிபாதியாகக் கலந்த பையில் குத்தி, கூரை ஓரத்தில், மழை படாமல், வெளிச்சம் படும்படி வைப்பதே போதும். நடும் இடத்தில் மண்ணை மேடாக்கி, மேற்புறமாக ஒரு சிறு வடிகான் வெட்டிவிட வேண்டும். செடியின் அடியைச் சுற்றி மானாப்புல் போடுவது நம் வழக்கம். ஐப்பசி மழையில் அது ஊறி அடித்தண்டை அழுகச் செய்துவிடுவதால், இச்செடிகளுக்கு மட்டும் புல்லுக்குப் பதிலாக உடைத்த கல்லைப் பரப்புகிறேன். நம் மண் தேயிலைக்கு உகந்த அமில மண். லவெண்டர் போன்றவை சுண்ணாம்புத் தன்மையை விரும்புவதால் நடுமுன் ஒரு கைப்பிடி டொலமைட் கலந்துவிட வேண்டும். யூரியா போடவே கூடாது. நைதரசன் அதிகமானால் இலை பெருத்து, மென்மையாகி, மயிர் அடர்த்தி குறைந்து, எந்தக் குணத்துக்காக வைத்தோமோ அதையே இழந்துவிடும்.

தண்ணீர் ஊற்றும் விதமும் முக்கியம். நாள்தோறும் ஒரு குவளை தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை காலை வேளையில் இலையில் படாமல் அடியில் நிறைய ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். புதிதாக நட்ட கன்றுக்கு முதல் இரண்டு மாதம் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வறட்சியைத் தாங்கும் செடி என்றாலும் வேர் பிடிக்கும் வரை அதுவும் குழந்தைதான். ஆகவே நடும் காலத்தைச் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும். ஐப்பசியில் நட்ட மென்மயிர்ச் செடிகளை இரண்டு முறை மழைக்குக் கொடுத்துவிட்டேன். தை மாதம் தண்டு வைத்து, பங்குனி சித்திரையில் பிற்பகல் இடிமழை பெய்யும்போது நட்டு, ஆனிக் காற்று வருமுன் வேர் பிடிக்கச் செய்வதே இப்பகுதிக்கு ஏற்ற முறை என்பது என் முடிவு.

அட்டன், நோர்வூட், வட்டவளைப் பகுதி வாசகர்கள் இதைப் படித்துவிட்டு உடனே இச்செடிகளை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கு ஆனி, ஆடி என்றால் அடைமழை. மூடுபனி நாள் முழுவதும் நிற்கும். ஹோட்டன் சமவெளியின் ஈரத்திலும் குளிரிலும் வெண்பஞ்சு போர்த்த இலையோடு அனபாலிஸ் செடிகள் வாழ்வதைச் சுட்டிக்காட்டி, இங்கு மட்டும் ஏன் முடியாது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவை அந்த இடத்துக்கே உரியவை. அது தேசிய பூங்கா என்பதால் அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுக்கவும் கூடாது. அதே சமவெளியில் வெளிநாட்டிலிருந்து வந்த கோர்ஸ் முட்செடி பரவிச் செய்திருக்கும் கேட்டை நினைவில் வைத்து, காட்டை ஒட்டிய வீடுகளில் வெளிநாட்டுச் செடிகளை விட நாட்டுச் செடிகளையே வைப்பது பொறுப்பான செயல்.

மாடு வளர்ப்போர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். டஸ்டி மில்லரில் கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் உண்டு. வெட்டிய தண்டுகளைப் புல்லோடு சேர்த்துத் தொட்டியில் போடுவதோ, மாடு எட்டும் இடத்தில் நடுவதோ கூடாது. மாட்டுக்கொட்டில் பக்கம் உள்ள வீடுகளுக்கு நான் அச்செடியைக் கொடுப்பதே இல்லை.

இறுதியாகப் பொறுப்பில் உள்ளவர்களிடம் என் வேண்டுகோள். ஊவாவின் பிரதேச சபைகளும் பாடசாலைகளும் ஆண்டுதோறும் பருவப் பூக்களை வாங்கி நட்டு, அவற்றுக்குத் தண்ணீர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, ஆவணியில் காய்ந்த தண்டுகளைப் பிடுங்கி எறிவதை நிறுத்தலாம். 1861ஆம் ஆண்டு சிங்கோனா வளர்ப்புக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தாவரவியல் பூங்கா நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்குள்ளவர்களின் அறிவைப் பெற்று, பண்டாரவளையிலோ வெலிமடையிலோ ஒரு கமநல சேவை நிலையத்தின் வளவில் வறட்சி தாங்கும் செடிகளுக்கென ஒரு சிறு மாதிரிப் பாத்தியை அமைத்தால், எந்தச் செடி இங்கு பிழைக்கிறது என்பதை மக்கள் தம் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்வார்கள். புதிய வீடுகள் கையளிக்கப்படும்போது மாமரக் கன்றோடு இரண்டு தேங்காய்ப்பூக்கீரைக் கன்றும் ஒரு மாசிப்பத்திரியும் கொடுக்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை.

வரும் தை மாதம் நான் தண்டு வெட்டும்போது, இப்பகுதிப் பாடசாலைகள் எவையேனும் கேட்டால் வேண்டிய அளவு தருவேன். எடுத்துச் செல்ல வருகிறவர்கள் பொலித்தீன் பை கொண்டுவராமல் பழைய பத்திரிகைத் தாள்களைக் கொண்டுவந்தால், தண்டுகள் வழியில் வியர்த்து அழுகாமல் போய்ச் சேரும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
பண்டாரவளை.